உள்ளே விட்ட துணி

நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் கடலில் விழுந்து தொலைந்ததாகச் சொல்லப்பட்ட விண்வெளிப் பெட்டி, எங்கும் விழாமல் பூமியைச் சுற்றிக்கொண்டே பதினோரு அங்குலம் வளர்ந்திருந்தது. உயரத்தில் அல்ல, சுற்றளவில். ஏவியபோது நூற்றறுபது அங்குலம்; கண்டுபிடித்தபோது நூற்றெழுபத்தொன்று. இந்தப் பதினோரு அங்குலம்தான் ஆய்வு மையத்தில் இருந்த படித்தவர்களையெல்லாம் எட்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது. அதற்கு விடை தெரிந்தவளோ பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே, ஒரு தையல் இயந்திரமும் ஒரு இஸ்திரி மேசையும் மட்டுமே கொள்ளும் கடையில் உட்கார்ந்து ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பெட்டியக்கா என்றுதான் ஊர் கூப்பிடும். மரியாதைக்கு வைத்த பெயர் அல்ல. இளவயதில் பன்னிரண்டு வருடம் பள்ளிச் சீருடை தைத்தவள். அவள் போட்ட தையல் பிரிந்து யாரும் பார்த்ததில்லை. அதைக் கேள்விப்பட்டு விண்வெளிக்காரர்களே தேடிவந்து அழைத்துப் போனார்கள். பெட்டியை வெயிலும் குளிரும் தாக்காமலிருக்க, பொன்னிறமாய் மின்னும் துணியை ஏழு அடுக்காக வைத்து ஓர் உறை தைக்க வேண்டும். ஓரத்துக்கு அரை அங்குலம் விடு என்றது வரைபடம். அவள் இரண்டு அங்குலம் விட்டாள். திமிர் என்று சொல்ல முடியாது. வளரும் பிள்ளைகளுக்கே தைத்துப் பழகிய கை அரை அங்குலத்தில் நிற்க மாட்டேன் என்றது. நான்கு மூலையிலும் உள்ளே தாராளமாகத் துணி விட்டு, ஒன்று பிரிந்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளத் தோதாக வரிசை வரிசையாகத் தையல் ஓட்டிக் கொடுத்தாள்.

மேலே போன ஆறாம் நாள் பெட்டி பேச்சை நிறுத்திக்கொண்டது. வளர்கிற வயதில் பிள்ளைகள் வீட்டில் பேசாமல் இருப்பது சகஜம்தான், ஆனால் அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. விசாரணை வைத்தார்கள். ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கை காட்ட, கடைசியில் கை காட்ட ஆளில்லாத இடத்தில் தையல்காரி நின்றாள். ஏன் கூடுதலாக விட்டாய் என்று கேட்டதற்கு, எதைத் தைத்தாலும் உள்ளே கொஞ்சம் விட வேண்டும் என்று அவள் பதில் சொன்னாள். தலைமைப் பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பெட்டி என்னம்மா, வளரவா போகுது?” என்றார். அறையே சிரித்தது. தையல்காரி விட்ட கூடுதல் துணியின் எடையால் பெட்டி கடலில் விழுந்தது என்று அறிக்கையின் பதினேழாம் பத்தியில் எழுதி, அவர் கையெழுத்தும் போட்டார். வேலை போயிற்று. செய்தி பத்திரிகையில் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒருவரும் அவளிடம் புதுத்துணி கொடுக்கவில்லை. ஜிப், ஒட்டு, கால்சட்டையைக் குட்டையாக்குவது, இவ்வளவுதான் வந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்தப் பதினேழாம் பத்தியை யாராவது அடிக்க வேண்டும். அதற்காக வருடத்துக்கு ஒரு கடிதம் போட்டாள். நாற்பத்தொரு கடிதத்துக்கும் சேர்த்து, ‘கடிதம் கிடைத்தது’ என்று மட்டும் ஒரே ஒரு பதில் வந்தது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர், விட்டுத் தள்ளு என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அவள் விடவில்லை.

இதற்கிடையில் ஆய்வு மையத்தில் ஒருத்தி இருந்தாள். பூமியைச் சுற்றும் உடைந்த ராக்கெட், செத்த செயற்கைக்கோள், யாரோ கைதவறிவிட்ட திருகாணி எல்லாவற்றுக்கும் பட்டியல் வைப்பது அவள் வேலை, அதனால் பட்டியல்காரி. பட்டியலில் இல்லாத ஒன்று சுற்றிக்கொண்டிருப்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். சூரிய ஒளி படும்போது அது கல்லைவிடச் சுலபமாக நகர்ந்துகொடுத்தது. ஆகவே கனமில்லாதது, உள்ளே வெற்றிடம் உள்ளது, மனிதர் செய்தது என்று கணக்குப் போட்டாள். ஆனால் காணாமல்போன எந்தப் பெட்டியும் நூற்றெழுபத்தொரு அங்குலம் இல்லை. இன்னொரு விசித்திரம், அது உருளும்போது வந்த ஒளியில் இருந்தது. நான்கு பக்கமும் மங்கல். ஒவ்வொரு பக்கம் முடியும் இடத்திலும் மெல்லிய ஒரு பட்டை மட்டும் புத்தம்புதிதாய்ப் பளிச்சென்றது. மேலதிகாரிகள் பொறுமை இழந்து, இது புதுவகைக் கல் என்று முடிவு கட்டினார்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அறிவிப்பு. கல்லுக்கு ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளரின் பெயரையே வைப்பதாகவும் ஏற்பாடு. மனம் ஒப்பாத பட்டியல்காரி, அந்த ஒளி மங்குவதையும் பளிச்சிடுவதையும் ஏறி இறங்கும் ஒளிக்கோடாக வரைந்து, விவரத்தோடு பத்திரிகையில் போட்டு, இது என்னவென்று தெரிந்தவர்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டாள். இதயநோய்க்கு எடுத்த படம்தான் இது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான்கு பேர் எழுதினார்கள்.

அந்தப் பத்திரிகை ஒரு கால்சட்டையைச் சுற்றிக்கொண்டு பெட்டியக்காவின் கடைக்கு வந்தது. பிரித்தவள் கை அப்படியே நின்றது. தையல் தெரிந்த எவருக்கும் அது தெரியும். இரண்டாம் வருடம் பிரித்துவிட்ட சீருடையில், உள்ளே மடிந்திருந்த துணி மட்டும் வெளுக்காமல் புதுசாய்த் தெரியும். பெட்டி வளர்ந்ததில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அதை இத்தனை நாள் ஒருவரும் கவனிக்கவில்லையே என்பதுதான் ஆச்சரியம். ஓய்வு பெற்ற பிறகும் பணிமனை கூப்பிட்டு வேலைக்கு வைத்திருந்த கணவர் மதியம் சாப்பிட வந்ததும், அவரிடம் காகிதத்தை நீட்டி, “நம்ம பெட்டிங்க. பிரிச்சு விட்டிருக்கு,” என்றாள். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வியாழக்கிழமைக்கு லீவு எழுதினார்.

அவர்கள் மையத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். அவள் மடியில் பழைய அளவு நோட்டு இருந்தது. அளவு எழுதிய பக்கத்தில் துணியின் ஒரு துண்டைப் பின் அடித்து வைப்பது தையல்கடை வழக்கம். பெட்டிக்கும் அப்படியே வைத்திருந்தாள். காவலர் உள்ளே விட மறுக்க, சத்தம் கேட்டுப் பட்டியல்காரி ஓடிவந்தாள். நோட்டில் இருந்த பொன்னிறத் துண்டைப் பார்த்ததும் பெட்டியக்காவின் கையைப் பிடித்து அறிவிப்புக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்பத்தொரு வருடம் வெளிச்சமே படாத அந்தத் துண்டை விளக்கின் கீழ் வைத்தார்கள். அதிலிருந்து வந்த ஒளிக்கோடும் வானத்துப் பட்டைகளின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. அளவு ஒத்துப்போகவில்லையே என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் இழுத்தார்.

“நாலு மூலை, மூலைக்கு ரெண்டு பக்கம்,” என்றாள் பெட்டியக்கா. “பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் கூட விட்டேன். மொத்தம் பன்னெண்டு. பதினொண்ணு வளர்ந்திருக்கு. இன்னும் ஒரு இன்ச் மிச்சம் இருக்கு.”

கூடத்தில் இருந்த இளம் பொறியாளர் ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, வரைபடத்தின்படி தைத்திருந்தால் முதல் அங்குலத்திலேயே உறை வெடித்து, பெட்டி வெயிலில் கருகிப்போயிருக்கும் என்று எழுந்து சொன்னார். முன்வரிசையில் புதுக் கோட்டுடன் தன் பெயருக்காகக் காத்திருந்த தலைமைப் பொறியாளர் மெல்ல எழுந்தார். வயதாகிக் கோட்டுக்குள் அவர் தொளதொளவென்று இருந்தார். பழைய அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். பதினேழாம் பத்தியைத் தன் பேனாவாலேயே குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

“வளரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். வளர்ந்தா தாங்கணுமேன்னுதான் விட்டேன்.”

அவர் தலை குனிந்தது. மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பின்னால் ஒட்டி நின்ற மெக்கானிக்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். பெட்டியக்காவுக்கு அழுகை வந்தது. நாற்பத்தொரு வருட அழுகை, அடக்கவில்லை, நன்றாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடித்த பத்தியைத் தன் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன் தான் பார்த்ததே இல்லை என்று அவள் கணவர் பின்னாளில் பணிமனையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பட்டியலில் பெட்டி சேர்ந்தது. அதற்கு நேரே சுற்றளவு என்று புதுக் கட்டம் போட்டு வருடாவருடம் நிரப்பினார்கள். மேலே சுற்றும் மற்ற பெட்டிகளையும் அளந்து பார்த்தார்கள், ஒன்றுகூட வளரவில்லை. எல்லாம் இறுக்கித் தைத்தவை. மிச்சமிருந்த ஓர் அங்குலம் நான்கு வருடம்தான் தாங்கும் என்பதால், அடுத்த உறைக்குத் துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. மேலே கொண்டுபோய் மாட்டுவது உங்கள் பாடு, தைப்பது என் பாடு என்று அவள் சொல்லிவிட்டாள். ஊரும் திடீரென்று புதுத்துணியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. கடைக்குள் பொன்னிறத் துணி கூரை வரை மின்னிக் கிடந்ததால் வந்தவர்கள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. பெட்டி முடியட்டும், அப்புறம்தான் மற்றது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மகளின் சீருடைத் துணியோடு மூன்றாம் நாளாக வந்து நின்ற பல் மருத்துவர் மட்டும் இயந்திரத்தை எட்டிப் பார்த்து, “வளர்ற உடம்பு அக்கா, பார்த்து, தாராளமா விட்டுத் தைங்க,” என்றார். அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, பெட்டியின் துணியை இந்த முறை நான்கு அங்குலம் விட்டு வெட்டினாள்.