மூன்றுக்கு மேல் சொல்வதில்லை

அந்தச் செவிலியர் கல்லூரி விடுதியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கியதாக யாரும் சொல்வதில்லை. பலகையில் எழுதி ஒட்டப்படாத இந்தச் சட்டத்தை, எழுதி ஒட்டப்பட்ட அத்தனையையும் மீறுகிறவர்கள்கூட மதித்தார்கள். காலை உணவு மேசையில் தட்டை வைப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "எத்தனை?" ஐந்து மணி நேரம் தூங்கியவள் மூன்று என்பாள், மூன்று தூங்கியவள் இரண்டு என்பாள். ஒன்று என்று சொல்லும் தகுதி, ஆந்தை என்று எல்லோரும் அழைக்கிறவளுக்கு மட்டுமே உண்டு. அவள் இறுதியாண்டுக்காரி; அவளுடைய தேர்வுக் குறிப்புகள் இரவு இரண்டு மணிவரை படிப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கே கிடைக்கும்.

இரண்டாமாண்டில் பொடிசு என்று ஒருத்தி இருந்தாள். ஒருநாள் அவளுக்குக் குழந்தைகள் வார்டில் காலைப் பணி. நான்காம் படுக்கையில் வலிப்புக்காகச் சேர்த்திருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு மருந்தை அளந்து எடுத்துக்கொண்டு போனாள். சிறுமியின் தாய் கையை நீட்டித் தடுத்தாள்.

"என்னம்மா, இப்பதானே குடுத்தே?"

"இல்லையேக்கா. சார்ட்ல கையெழுத்தே இல்லையே."

"நீ போடாம போயிட்டே. இதைப் பாரு."

தாயின் முன்கையில் வரிசையாகப் பேனாக் கோடுகள், வேளைக்கு ஒன்று. கடைசிக் கோடு புதிதாக இருந்தது. பொடிசு தன் நினைவைத் துழாவினாள். புட்டியைத் திறந்தது, ஊற்றியது, சிறுமியின் உதட்டைத் துடைத்தது, எதுவுமே அங்கே இல்லை.

"ராத்திரி தூங்கலையா?"

"மூணு மணி நேரம் தூங்கினேன்க்கா." பழக்கதோஷம், குரலில் கொஞ்சம் பெருமைகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் ஆறு நாளா சரியா கண்ணை மூடலை. என்னையே என்னால நம்ப முடியலை, அதான் கோடு போட்டு வெச்சுக்கறேன்." தாய் சிறுமியின் போர்வையைச் சரிசெய்தாள். "நாளைக்கும் நீதான் வருவியா?"

பொடிசு வார்டு சிஸ்டரிடம் தானே போய் நடந்ததைச் சொல்லி, வயிறு நிறையத் திட்டு வாங்கினாள். அந்தத் திட்டுகூடத் தாயின் கேள்வி அளவுக்குச் சுடவில்லை. இரவு பத்து மணிக்குப் படிப்பறை நிரம்பியபோது, அவள் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை ஆந்தை தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நேத்து ஒரு நாற்காலி காலியா கிடந்துச்சே. காய்ச்சலா?"

கருணையான கேள்விதான். காய்ச்சலுக்கு அந்தச் சட்டத்தில் மன்னிப்பு உண்டு. தலையசைத்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"இல்லைக்கா. நல்லாதான் இருக்கேன்."

"அப்ப எத்தனை?"

அறைத்தோழி மேசைக்கு அடியில் பொடிசின் காலை மிதித்தாள். "மூணுன்னு சொல்லித் தொலையேன்டி."

"எட்டு," என்றாள் பொடிசு.

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "சரியான தூங்குமூஞ்சி! பரீட்சையில தலையணையைப் பத்திக் கேட்டா நீதான்டி ஃபர்ஸ்ட்."

"எட்டு மணி நேரம் தூங்கறவங்களுக்கு என் நோட்ஸ் எதுக்கு?" என்றாள் ஆந்தை.

மருந்தியல் தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"வேண்டாம்க்கா. ஃபெயிலானா திரும்ப எழுதிக்கலாம். அந்தப் பாப்பாவுக்கு ரெண்டாவது தடவை ஊத்தியிருந்தா, அதைத் திரும்ப எடுக்க முடியுமா?" தட்டைத் தள்ளி வைத்தாள். "இன்னைக்கு உங்களுக்கு எந்த வார்டு?"

"ஐசியு."

"எத்தனை?"

தினமும் கேட்கும் அதே கேள்விதான். ஆந்தை டம்ளரை எடுத்தாள். விளிம்புவரை இருந்த தண்ணீர் அவள் விரல்கள்மீது தளும்பியது.

பொடிசு எழுந்து நின்றாள். கடைசி மேசைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நேத்து நான் எட்டு மணி நேரம் தூங்கினேன். காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. தூக்கம் வந்துச்சு, தூங்கினேன். இன்னைக்கும் தூங்குவேன்!"