அம்மாசி மென்ற இலை

சிறியாநங்கை என்று ஒரு செடி. முழங்கால் உயரம்கூட இருக்காது, ஆனால் கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. காய்ச்சலுக்குக் கஷாயம், சர்க்கரைக்குப் பொடி, சொறிக்கு அரைத்துப் பூச்சு என்று ஊரில் அதற்கு ஏகப்பட்ட மரியாதை. இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய வேலையும் அதற்கு உண்டு. பாம்பு கடித்தவன் வாயில் இரண்டு இலையைப் போட்டு மெல்லச் சொல்வார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை. சப்பென்று இருந்தால் ஏறிவிட்டது, ஓடு ஆஸ்பத்திரிக்கு. இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, இன்றைக்கு இருசம்மாள் கையில் அகப்பட்டால் தொலைந்தான்.

அந்த இலையைக் காத்து வைத்திருந்தவளே அவள்தான். அவளுடைய தாய்வீடு கல்வராயன் மலையடிவாரம், கச்சிராயபாளையம் பக்கம். மழை விட்டதும் ஓடையோரம் தானாக முளைத்துக் கிடக்கும் செடிகளைப் பிடுங்கி வந்து, மூங்கில்துறைப்பட்டுக்கு அருகே வாழ்க்கைப்பட்ட ஊரில் வீட்டுக்குப் பின்னால் நட்டிருந்தாள். கரும்பு வெட்டப் போகும்போது ஒரு கொத்து அவள் இடுப்பில் இருக்கும். வெட்டு ஆட்கள் பன்னிரண்டு பேருக்கும் அதுதான் தைரியம்.

தை மாதம், காலை ஒன்பது மணி. கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, விலக்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் அம்மாசி திடீரென்று காலை உதறினான். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி ரத்தம்.

"இன்னா பூச்சின்னு பாத்தியாய்யா?" இருசம்மாள் பதறினாள். பாம்பு என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

"தெர்ல. சோகை ஆடுச்சு, அவ்ளோதான்."

அவள் இலையை எடுத்து அவன் வாயில் திணித்தாள். மென்றான். எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"கசக்குதா?"

"த்தூ! கொடலே வெளிய வந்துடும் போலக்குது."

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. "அப்புறம் இன்னா? டிராக்டரு நிக்குது, வெட்டுங்க" என்றார் மேஸ்திரி பாவாடை. அம்மாசி மறுபடி கத்தியை எடுத்தான்.

மதியத்துக்குள் கால் தூணாக வீங்கிவிட்டது. மூன்று மணிக்கு ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எத்தனை மணிக்குக் கடித்தது என்று கேட்ட டாக்டரம்மா, இலை கதையையும் கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது விரியன் கடிம்மா. இலை கசக்கறதுக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே இல்ல. விஷம் ஏறினாலும் கசக்கத்தான் செய்யும். உடனே கொண்டு வந்திருக்கணும்."

அவர்களும் போராடித்தான் பார்த்தார்கள். நான்காம் நாள் அம்மாசி போய்ச் சேர்ந்தான்.

சாவு வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டுச் சாலம்மாள்தான் ஆரம்பித்தாள். "எல எங்கனா பொய் சொல்லுமா? வேல கெட்டுடும்னு அம்மாசிதான் கசக்குதுன்னு பொய் சொல்லிட்டான். உயிரே போச்சு பாரு."

இது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இலை தப்பியது, மேஸ்திரி தப்பினார், இலை கொடுத்த இருசம்மாளும் தப்பினாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பேச்சில் அவளுக்கு ஆறுதல்கூட இருந்தது, வெட்கக்கேடு!

ஆனால் மகள் தமிழ்மொழி அதை அப்படியே நம்பிவிட்டாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், அப்பா செல்லம். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "ஒரு நாள் வேலைக்காக நம்பள வுட்டுட்டுப் பூட்டாரு. எனக்கு எதுக்கு அழுவ வரணும்?" என்றாள். அந்த வார்த்தை இருசம்மாளை அறுத்துக்கொண்டே இருந்தது. செத்தும் அந்த மனுஷனுக்குப் பெற்ற மகளிடம் கெட்ட பேரா?

கருமாதியன்று பந்தியில் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, மேஸ்திரி தமிழ்மொழியின் தலையைத் தடவினார். "உங்கப்பன் ஒரு வார்த்த நெசத்தச் சொல்லியிருந்தா நானே தூக்கிக்கினு ஓடியிருப்பேன், பாப்பா."

இருசம்மாள் எழுந்துவிட்டாள்.

"வாய மூடுங்க மேஸ்திரி! அவரு பொய் சொல்லல. கசந்துச்சு. நீங்கல்லாம் வெட்டப் போனப்புறம், கசப்பு தாங்காம எங்கிட்ட ஒரு துண்டு கரும்பு கேட்டாரு. நான்தான் சீவிக் குடுத்தேன். பத்தலன்னு இன்னொண்ணு கேட்டு வாங்கித் தின்னாரு."

"துக்கத்துல இன்னாத்தையோ ஒளறிக்கினு..." என்று சாலம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"ஒளறல. நல்லா கசந்துச்சு, கசந்தும் செத்தாரு. அந்த எலைக்கு ஒரு மண்ணும் தெரியாது. அத நம்பி அவர அங்கியே நிறுத்திவச்ச பாவி நான்."

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. போகிற போக்கில் இரண்டு பேர் வீட்டுக்குப் பின்னால் போய், வெட்டுக்கு எடுத்துப் போக ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொண்டார்கள்.

தமிழ்மொழி மட்டும் அசையாமல் நின்றாள். "அப்ப நீதாம்மா?"

"ஆமா" என்றாள் இருசம்மாள்.

மகள் அன்றைக்குத்தான் முதல்முதலாக அப்பாவுக்காக அழுதாள். தொடப் போன அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசுவதில்லை. சோறு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறாள். யாராவது அம்மாசியைப் பற்றி வாயெடுத்தால் மட்டும், "எங்கப்பா பொய் சொல்லல" என்று சண்டைக்கு நிற்கிறாள். அடுப்படியில் இருந்து இருசம்மாள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.