மஞ்சள் பூச்சு

பொம்பெய் நகரம் நிலநடுக்கத்தில் குலுங்கி ஐந்தாவது வருஷம். மதிலுக்கு வெளியே இருந்த இடிபாட்டு மேட்டில் டியோனே இன்னும் குந்தியபடிதான் இருந்தாள். சுவர்ப்பூச்சு ஒரு பக்கம், ஜாடிச் சில்லு ஒரு பக்கம் என்று பிரிப்பதுதான் அவள் வேலை. பூச்சு புதுச் சுவரின் வயிற்றுக்குள் போய்விடும். சில்லை இடித்துச் சுண்ணாம்பில் கலந்து தரை போடுவார்கள். உடையாமல் கிடைப்பதை வாங்க ஆள் வரும். முழங்கால்கள் மரத்துப்போயிருந்தன.

செலர் கழுதை வண்டியோடு வந்து நின்றான்.

"இன்னும் எந்திரிக்கலையா அக்கா? உன்னையும் சேத்து சுவத்துல வச்சுப் பூசிடப் போறாங்க."

"பூசட்டும், வேலையாவது முடியும். எந்த வீட்டு மண்ணுடா இது?"

அவன் தயங்கினான். "உன் பழைய எசமான் வீடு. பின்கட்டை இன்னிக்குத்தான் இடிச்சாங்க."

பின்கட்டில்தான் தறி இருந்தது. டியோனேயும் அவள் தங்கை ஹெலிக்கேயும் அந்த வீட்டு அடிமைகளாக இருந்த காலத்தில், அந்தத் தறியில் நெய்துகொண்டிருக்கும்போதுதான் நிலம் குலுங்கி ஹெலிக்கேயின்மேல் சுவர் சரிந்தது. உடலை எடுத்து எரித்ததோடு சரி, அறையை அடைத்துப் போட்டுவிட்டார்கள்.

"வேணும்னா அந்தக் கோடியில கொட்டட்டுமா?"

"அங்க மட்டும் வேற யாரு வந்து பிரிக்கப்போறா? கொட்டு."

புழுதி அடங்கியதும் கையை விட்டாள். மஞ்சள் பூச்சு துண்டு துண்டாக வந்தது. அடியில், தறி நூல் விறைப்பாக நிற்க அதன் நுனியில் கட்டும் சுட்ட மண் தறிக்குண்டுகள், எட்டு. ஒன்றில் ஆணிக்கீறல். ஹெலிக்கே அதைப் பறவை என்பாள். டியோனே மீன் என்பாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

மத்தியானம் நெசவுக்காரி விபியா வந்தாள். "தறிக்குண்டு ஏதாச்சும் இருக்கா? மூணு உடைஞ்சு, பாவு நூல் ஒரு பக்கமா இழுக்குது."

டியோனே எட்டையும் நகர்த்தி வைத்தாள். விபியா கீறலைத் தடவிப் பார்த்தாள். "இது என்ன, மீனா?"

"என் தங்கச்சி கீறுனது."

விபியா சட்டென்று கையை எடுத்தாள். "ஐயோ, அப்போ நீயே வச்சுக்கம்மா."

டியோனேயின் அறையில் ஒரு கட்டில் போட இடம் உண்டு, தறிக்கு இல்லை. வைத்துக்கொண்டால் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

"எடுத்துட்டுப் போ. நூலைக் கட்டித் தொங்கவிடத்தான் அது. அப்புறம், அது பறவை."

மஞ்சள் பூச்சு ஆறு கூடை தேறியது. செலரே வண்டியில் ஏற்றினான், டியோனேயும் கூடப் போனாள். ரொட்டிக் கடைக்கு எழும்பிக்கொண்டிருந்த சுவரில் கொத்தனார் கூடைகளைக் கவிழ்த்து, மேலே சுண்ணாம்பை வீசி மூடினார்.

திரும்பும்போது டியோனே காலி வண்டியில் ஏறிப் படுத்தாள். மேடு வந்தது அவளுக்குத் தெரியாது. செலர் கழுதையை நிழலில் நிறுத்தினான், அவளை எழுப்பவில்லை.