உண்டியல் திருப்பித் தந்த நன்கொடை

குலசேகரன்பட்டினம் அம்மன் கோயில் உண்டியல், போன வருடம் தசரா எட்டாம் நாள், குற்றாலலிங்கம் போட்ட பணத்தை மூன்று முறை திருப்பித் தந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு ஆச்சரியத்தைவிட எரிச்சல்தான் அதிகம், வெயில் அப்படி.

குற்றாலலிங்கத்துக்குக் கல்லிடைக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை. சாமி கும்பிடாதவர். ஆறு வருடமாக ஒரு நாடகத்தை எழுதி வைத்துக்கொண்டு அலைந்தார். ஆற்றைத் தண்ணீர் வியாபாரிக்கு எழுதிக் கொடுத்த ராஜாவை, மூன்றாம் காட்சியில் ஜனங்களே சிம்மாசனத்திலிருந்து இறக்கி விசாரிக்கிறார்கள். நன்கொடை கேட்டுப் போன கடைகளில் இரண்டு காட்சிவரை தலையாட்டுவார்கள். மூன்றாவதைச் சொன்னதும் காபி வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். ராஜாவாக நடிக்கும் உமர் பாரூக்குக்கோ ஐப்பசி ஐந்தாம் தேதி சவூதி வேலைக்குத் தம்மாமுக்கு விமானம். அவன் போய்விட்டால் நாடகமும் போன மாதிரிதான். அந்த வசனத்தை அவனைப் போலப் பேச தாமிரபரணிக் கரையில் வேறு ஆள் கிடையாது.

கடைசியில் நாடகக்குழுத் தோழர்கள் கூட்டத்தில், திசையன்விளை சந்தையில் ஒரு காட்சியை நடித்துக் காட்டித் துண்டேந்துவது என்று முடிவாயிற்று. தசரா வாரத்தில் கிரீடத்தோடு தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்று இத்தனை மேதாவிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வாரம் அந்தப் பக்கத்தில் வேடம் போட்டவர் யாரானாலும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு காணிக்கை பிரிக்கிறவர்தான். உமர் பாரூக் வாயைத் திறக்குமுன் துண்டு நிறைந்துவிட்டது. ஒருத்தி கைப்பிள்ளையை நீட்டி ஆசீர்வாதம் கேட்டாள். அவனும் மறுக்க மனமில்லாமல் தலையைத் தொட்டு துஆ ஓதினான்.

நாடகத்துக்கு அந்தப் பணம் தாராளமாகப் போதும். ஆனால் குற்றாலலிங்கம் ஒப்பவில்லை.

"சாமி இல்லங்கது வேற. சாமிக்குன்னு குடுத்தத நாம எடுக்கது வேற, வே" என்று சொல்லிவிட்டு, பணத்தை அம்மன் உண்டியலில் சேர்க்க உமர் பாரூக்கையும் கூட்டிக்கொண்டு குலசைக்குப் பஸ் ஏறினார். வயிறெரிந்துதான் ஏறினார்.

முதல் முறை காசும் தாளும் பொங்குகிற பால் மாதிரி உண்டியல் வாய்க்கு ஏறி வந்து தரையில் சிந்தின. இரண்டாம் முறை தாள்களின் கசங்கல்கூட நீவிவிடப்பட்டிருந்தது. மூன்றாம் முறை எல்லாம் வந்து முடிந்த பிறகு, குங்குமம் ஒட்டிய நூறு ரூபாய்த் தாள் ஒன்று கூடுதலாக வந்தது. குறத்தி வேடத்தில் பின்னால் நின்ற தையல்காரி சொர்ணாம்பாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணாச்சி, அவா வேண்டாங்கா. உங்க காரியத்துக்கே வச்சுக்கிடச் சொல்லுதா, கூட வேற தாரா. இன்னும் என்னத்துக்கு நிக்கிய? பைய நகருங்க, வெயிலு மண்டயப் பொளக்கு."

குற்றாலலிங்கம் அள்ளித் துண்டில் முடிந்துகொண்டார். கடைத்தெரு தாண்டி, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அழுதார். உமர் பாரூக் பார்த்துவிட்டான்.

ஐப்பசி மூன்றாம் தேதி கல்லிடைக்குறிச்சி ஆற்றுப் படித்துறைக்கு மேலே நாடகம் நடந்தது. ராஜாவை இறக்கியதும் கூட்டத்திலிருந்த அப்பளக் கம்பெனிப் பெண்கள் எழுந்து நின்று, எழுதி வைக்காத கேள்விகளையெல்லாம் கேட்டார்கள். கிரீடத்தைக் கையில் பிடித்தபடி உமர் பாரூக் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

நன்றியுரையில் அம்மன் பெயரைச் சொல்லலாமா என்று தோழர்கள் இரண்டு கூட்டம் போட்டுச் சண்டை பிடித்திருந்தார்கள். "குடுத்தவங்க பேரச் சொல்லாம விட்டா நாம என்ன மனுசங்க?" என்று குற்றாலலிங்கம் ஒரே பிடியாக நின்றார். பாதி வாடகை போதும் என்ற மைக் செட்காரர், கட்டணம் வாங்காத பந்தல்காரர் என்று வரிசையாக வாசித்து வந்தவர், "குலசை முத்தாரம்மன், நூறு ரூபாய்" என்று வாய்க்குள்ளேயே வாசித்து நிறுத்தினார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, கை கூப்பி, இன்னொரு முறை தெளிவாக வாசித்தார்.

கூட்டம் பந்தல்காரருக்குத் தட்டிய அளவுக்குக் கை தட்டியது.