திரும்பச் சொன்னவள்

"திரும்பிடலாம்" என்று மெரின் சொன்னதும் டகல் வாய்விட்டுச் சிரித்தான்.

மலைச் சங்கத்தின் ஆகஸ்ட் மாதப் பனிச்சறுக்குப் பயணம் அது; பூமியின் அந்தத் தென்பாதியில் ஆகஸ்ட் என்றால் நடுக்குளிர்காலம். மொத்தம் ஏழு பேர், தலைமை மெரின். இரண்டு நாளாக அடித்துத் தீர்த்த வடமேற்குக் காற்று, மேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பனியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து இந்தச் சரிவின் தலையில் கொட்டியிருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். அதனால் அடிவாரத்திலேயே சறுக்குமட்டைகளைக் கழற்றிவிட்டு ஷவலால் இடுப்பளவு குழி தோண்டினாள். குழியின் சுவரில் தூண் மாதிரி ஒரு துண்டை அறுத்து, அதன் உச்சியில் உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள். மேல்பாதி அப்படியே வழுக்கிக்கொண்டு அவள் முழங்காலில் வந்து விழுந்தது. மேலே போனால் சரிவும் இப்படித்தான் விழும். அவளைப் பொறுத்தவரை பேச்சு அதோடு முடிந்தது.

டகலுக்குப் பேச்சு முடியவில்லை. சங்கத்தில் அவனைவிடப் பழைய ஆட்கள் குறைவு. ஒரு பெண் 'நில்' என்றால் நின்று அவனுக்குப் பழக்கமில்லை.

"ஒரு குழியைத் தோண்டிப் பாத்துட்டு வீட்டுக்குப் போறதுக்கா விடியறதுக்கு முன்னாடி கிளம்பி வந்தோம்? இந்தச் சரிவுல நான் எத்தனை தடவ இறங்கியிருக்கேன் தெரியுமா?"

"இன்னைக்கு இறங்கலையே. இன்னைக்குப் பனி வேற."

"அம்மா தாயே, உன்னைத் தலைவியாப் போட்டா கார் நிறுத்துற எடத்துலயே சாண்ட்விச்சத் தின்னுட்டுத் திரும்ப வேண்டியதுதான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மெரினுக்குக் காது சுட்டது.

"இது சங்கத்தோட பயணம். நான் திரும்பச் சொல்றேன். எல்லாரும் திரும்புறோம்."

"அப்ப நான் சங்கத்தோட வரல. இந்த நிமிஷத்துலேருந்து தனியா வந்தவன், போதுமா?" டகல் தலையைத் திருப்பினான். "டேய் அலஸ்டர், நீ வர்றியா, இல்ல வீட்டம்மாகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

அலஸ்டர் மெரினின் கணவன். அவளைப் பார்த்தான். மேலே பார்த்தான். வெயில் அப்போதுதான் சரிவில் இறங்கி, கால் படாத பனி பளபளவென்று கிடந்தது.

"ஒரே ஒரு தடவ, மெரின். ஓரமாத்தான் போவோம்."

அவள் பதில் சொல்வதற்குள் முதுகைக் காட்டிவிட்டான்.

மற்ற நால்வரையும் கூட்டிக்கொண்டு அவள் கீழே குடிலுக்கு வந்தாள். அங்கிருந்து சரிவு தெரியாது. நடுவில் ஒரு பாறைத் திட்டு மறைத்தது. எழுபது வயதிலும் சங்கத்தோடு மலையேறுகிற நோலீன் ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். மெரின் குடிக்கவில்லை. ஷவலையும் பனியில் குத்தித் தேடுகிற நீளக் கம்பியையும் வாசலில் சாத்திவைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அவங்க என்ன பச்சப் புள்ளைங்களா? நீ எதுக்குக் கெடந்து வேகுற?"

"பொதைஞ்சாங்கன்னா நான்தானே நோலீன் தோண்டி எடுக்கணும்."

மத்தியானம் சாய்ந்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். டகல் தூரத்திலிருந்தே கத்தினான்: "பாத்தியா! ஒரு மயிரும் ஆகல!" அலஸ்டரும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் டீ ஃப்ளாஸ்கின் மூடியைத் திறக்க அவனால் முடியவில்லை. கை உதறிக்கொண்டே இருந்தது.

"குளிரு" என்றான்.

திரும்பும் வழியில் மெரின்தான் கார் ஓட்டினாள். நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு அலஸ்டர் மெல்ல ஆரம்பித்தான்.

"இன்னும் கோவமா? அதான் ஒண்ணும் ஆகலையே."

அவள் காரை ஓரங்கட்டினாள். "எறங்கு."

"என்னது?"

"டகல் வண்டி பின்னாடிதான் வருது. அவன்கூடத்தானே போன, அவன்கூடவே வா."

விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினான்.

அந்த வியாழக்கிழமை சங்கத்தின் மாதக் கூட்டம். நாற்காலி நிறைய ஆட்கள், மேசை நிறைய அவரவர் கொண்டுவந்த கேக்கும் பிஸ்கட்டும். டகல் திரையில் படம் காட்டினான். பளீரென்ற சரிவின் நடுவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அலஸ்டர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"வர்ற சனிக்கிழமை இதே எடத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன். புதுசா கத்துக்கறவங்களும் வரலாம். குழி தோண்டுற வேலையெல்லாம் கிடையாது."

கொல்லென்று சிரிப்பு. முன்வரிசையில், போன மாதம்தான் சங்கத்தில் சேர்ந்த ஒரு தம்பதி கையைத் தூக்கினார்கள். பின்னால் இன்னும் மூன்று கைகள்.

மெரின் பக்கத்தில் திரும்பினாள். அலஸ்டர் தன் கேக்கிலிருந்த தேங்காய்த் துருவலை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அன்றைக்குக் கை நடுங்கியது குளிரில் அல்ல என்று அப்போது அவளுக்கு உறுதியாயிற்று. எழுந்து நின்றாள்.

"அலஸ்டர், நீ சொல்லு. அன்னைக்கு மேல என்ன நடந்துச்சு?"

"இப்ப வேணாமே, மெரின்."

"இப்பதான் வேணும். கை தூக்கியிருக்காங்க பாரு, அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அலஸ்டர் எழுந்தான்.

"இந்தப் படம் எடுத்த உடனே... காலுக்கு அடியில 'ஹூம்'னு ஒரு சத்தம். என் மட்டைக்கு முன்னாலேருந்து டகல் நின்ன எடம் வரைக்கும் ஒரு விரிசல் ஓடுச்சு. பாத்துட்டே நின்னோம். அப்புறம் அடிமேல அடி வெச்சு பாறைப் பக்கம் போய், அது வழியா இறங்கிட்டோம். சறுக்கவே இல்ல. இத மெரின்கிட்ட சொன்னா ஆயுசு பூரா சொல்லிக்காட்டுவாள்னு டகல் சொன்னான். நானும் சரின்னுட்டேன்."

"பனின்னா சத்தம் போடத்தான் செய்யும்" என்றான் டகல். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தூக்கிய கைகள் எப்போது இறங்கின என்று தெரியவில்லை. சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சனிக்கிழமைப் பயணம் ரத்து என்றார்.

மெரினுக்கு நெஞ்சு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, இன்னும் பற்றிக்கொண்டு எரிந்தது. பெண்டாட்டி சொல்லிக்காட்டுவாள் என்பதற்குப் பயந்து ஐந்து பேரைப் பிணமாக்கப் பார்த்தார்களே! சரியாகத்தான் செய்தாய் என்று சொல்லக்கூட யாரும் பக்கத்தில் வரவில்லை. செயற்குழு ஆள் ஒருவர் மட்டும் டீக்கோப்பையோடு வந்தார்.

"நீ சொன்னது நியாயம்தான் மெரின். ஆனா புருஷன இப்படி நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சிருக்க வேணாம்."

"நாலு பேர் முன்னாடிதானே அவன் படமும் ஓடுச்சு. அப்ப நல்லா இருந்துச்சா?"

அவர் கோப்பையோடு நகர்ந்துவிட்டார்.

வெளியே காருக்குப் பக்கத்தில் அலஸ்டர், "மன்னிச்சுடு" என்றான்.

"விரிசல் ஓடுச்சே, அந்த நேரத்துல நான் குடில் வாசல்ல நின்னு, நீ பொதைஞ்சா யாரை எங்க நிக்க வெச்சுத் தோண்டறதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். நீ வந்து குளிருன்ன."

அலஸ்டர் தானே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

டகல் அடுத்த மாதமே வேறு சங்கத்துக்குப் போய்விட்டான், கூட இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு. மெரின் நடத்துகிற பயணங்களுக்கு ஆள் குறைந்தது. அவள் பயணங்களைக் குறைத்துக்கொள்ளவில்லை. அலஸ்டர் ஒவ்வொரு தடவையும் "நானும் வரட்டுமா?" என்று கேட்பான். "வேணாம்" என்பாள். அவன் வீட்டில் இருந்து சமைத்து வைப்பான். அவள் வந்து, ருசி எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அக்டோபரில், மலையில் பனி ஏறக்குறைய உருகிய பிறகு ஒரு நடைப்பயணத்தில் அவனும் கடைசி ஆளாக வந்தான். "கோவம் போயிடுச்சா?" என்று நோலீன் காதோடு கேட்டாள்.

"இல்ல. வண்டியில ஒரு எடம் காலியா இருந்துச்சு" என்றாள் மெரின்.