மூன்றாவது கடிதம்

தத்தெடுப்பு அதிகாரி வீட்டைப் பார்க்க வருவதற்குள், அக்காவை நன்கு அறிந்த மூவரிடம் கடிதம் வாங்க வேண்டும். மாலை வகுப்பு முடிந்து வந்து, பொறுக்கியெடுத்த மூன்று பெயர்களை எழுதி வைத்தேன். அக்கா ஒன்றை அடித்துவிட்டுத் தையல்காரரைச் சேர்த்தாள். ஆறு வருடங்களுக்கு முன் குடித்துவிட்டு, அவர் கடைக்குள் காரை விட்டுச் சிறைக்குப் போனவள் அவள்.

"கிறுக்கா உனக்கு? குழந்தையே கிடைக்காமப் போயிடும்!"

"நான் எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன், ரெண்டையும் கண்ணால பாத்தவர்டா."

நானாக இருந்தால் அந்தத் தெருப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

நாங்கள் கடைக்குள் நுழைந்ததும் தையல்காரர் மெஷினை நிறுத்தி வாசலை எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு நடந்துதானேம்மா வந்தே?"

அக்கா சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எழுதித் தரேன். ஆனா கார் கதையையும் எழுதுவேன்."

"அதை முதல் வரியிலேயே போடுங்கண்ணே," என்றாள் அக்கா.