ரப்பர் நண்டு

லெஸ்டர் குவிக்லி படம் எடுக்கும் விதம் ஹாலிவுட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் போஸ்டர். அதைப் பார்த்துத் தியேட்டர்காரர்கள் முன்பணம் தருவார்கள். கதையெல்லாம் அப்புறம். போஸ்டரில் ஒரு பூதமும், அதன் கையில் மயங்கிக் கிடக்கும் ஒரு பெண்ணும் இருந்தால் போதும், கதை எப்படியாவது வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படியே எட்டு விண்வெளிப் படங்களை எடுத்துத் தள்ளிப் பத்திரிகைக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஒன்பதாவது படத்தை மட்டுமாவது உருப்படியாக எடுக்க ஆசைப்பட்டார். சந்திரனில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு கிழவன், திரும்ப வழியில்லை என்று தெரிந்ததும் பூமியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் பணம் புரட்ட, வழக்கம்போல ஒரு ராட்சத நண்டை வரையச் சொல்லிப் போஸ்டர் போட்டார். படம் நன்றாக வந்தால் நண்டை யார் தேடப் போகிறார்கள் என்ற நினைப்பு. இத்தனை வருஷம் அந்தத் தொழிலில் குப்பை கொட்டியவருக்கு அந்த நினைப்பு வந்திருக்கவே கூடாது.

கிழவனாக நடித்தவர் ஹார்லன் ப்ரூயிட். ஊமைப்பட காலத்து நடிகர், பேசாமலே நடிக்கத் தெரிந்தவர். உடம்பில் புற்றுநோய். கடைசிக் காட்சியில் விண்வெளித் தலைக்கவசத்தின் கண்ணாடிக்குள் அவர் முகம் மட்டும்தான். கேமராக்காரரே மூக்கை உறிஞ்சினார். படப்பிடிப்பு முடிந்த கொஞ்ச நாளில் ஹார்லன் போய்விட்டார். கல்லறையில் அவர் மனைவி வேர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு லெஸ்டர் சொன்னார்: “அந்த முகத்த ஊரே பாக்கும் வேர்னா. அதுக்கு நான் பொறுப்பு.”

விநியோகஸ்தர் செல்னிக் படத்தைப் பார்த்துவிட்டுச் சுருட்டை அணைத்தார்.

“நண்டு எங்கப்பா?”

“இந்தக் கதைக்கு நண்டு வேணாம், செல்னிக்.”

“கதைக்கு வேணாம். டிக்கெட் வாங்குறவனுக்கு வேணுமே! நண்டக் காட்டி அட்வான்ஸ் வாங்கிட்டு, கிழவன் மூஞ்சியக் காட்டுனா சீட்டக் கிழிச்சிருவானுங்க.”

“ஹார்லன் செத்துட்டாரு. நண்டு சண்டைய யார வெச்சு எடுக்கிறது?”

“கவசக் கண்ணாடியில கறுப்பு அடி. உள்ள யாரு இருந்தா என்ன? முடியாதுன்னா சொல்லு, உன் பத்தாவது படத்துக்கு வேற ஆளப் பாத்துக்க.”

லெஸ்டர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பழைய ரப்பர் நண்டைக் கிடங்கிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார்கள். ஹார்லனின் கவசத்தை இன்னொருவன் தலையில் மாட்ட லெஸ்டருக்கு மனம் வரவில்லை, தானே மாட்டிக்கொண்டார். உள்ளே ஹார்லனின் தலைமுடித் தைல வாசனை இன்னும் இருந்தது. நண்டு கவ்வியது, இவர் கையையும் காலையும் உதைத்துக் கத்தினார். படம் நீளம் என்று சொல்லி, செல்னிக் ஹார்லனின் அந்தக் கடைசி முகக் காட்சியை வெட்டி எறிந்தார்.

பாசடீனா ஊர்த் தியேட்டரில் மதியக் காட்சி. முகத்தை வெட்டியதை வேர்னாவுக்குச் சொல்ல லெஸ்டருக்கு வாய் வரவில்லை. அவள் இருந்ததிலேயே நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நண்டு வந்ததும் பிள்ளைகள் தரையை உதைத்து விசிலடித்தார்கள், பாப்கார்ன் பறந்தது. விளக்கு போட்ட பிறகும் வேர்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரு முகம் வரும்னு சொன்னீங்களே?”

லெஸ்டர் மடியில் விழுந்திருந்த பாப்கார்னைத் தட்டிவிட்டார்.

“நண்டுகிட்ட கத்துனது அவரு இல்ல. சாகும்போதுகூட அவரு அப்படிக் கத்தல.”

“நான்தான், வேர்னா.”

“தெரியுது. உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருந்துச்சு.”

அவள் போய்விட்டாள். வாசலில் செல்னிக் ஓடிவந்து தோளில் தட்டினார். “பிச்சுக்கிட்டு ஓடுதுப்பா! அடுத்ததுல ரெண்டு நண்டு போட்டுருவோம்.”

லெஸ்டர் வேர்னா போன திசையைப் பார்த்தார். பிறகு செல்னிக் பக்கம் திரும்பினார்.

“போஸ்டர் எப்ப வேணும்?” என்று கேட்டார்.